காய்ச்சல் தணிந்த பின்னர்

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது கோணேசர் கல்வெட்டுக் கூறும் மரபு. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி என்பது சிங்கள வரலாற்று மரபு. மரபுகள் வேறுபடினும், அக்குளத்து நீரே அங்குள்ள வயல்களுக்கு உயிர் என்பதில் கருத்து வேற்றுமையில்லை. ஆயின், வயலில் தேங்கும் நீர் கியூலெக்ஸ் இன நுளம்புக்கும் பிறப்பிடமாகும். நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகும் யப்பானிய மூளையழற்சி வைரசை மனிதரிடம் சேர்ப்பது இந்நுளம்பே.

யப்பானில் 1924 இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்த இந்நோய், இலங்கையில் 1985-86 காலப்பகுதியில் அனுராதபுர மாவட்டத்திற் பெருந்தொற்றாக வெடித்தது. 1987-88 இல் மீண்டும் பரவியது. பாசனத்தின் விரிவும் வயல்களை அண்டிய பன்றி வளர்ப்பும் அதற்கு வழிவகுத்தன. 1988 இல் சிறுவர்க்குத் தடுப்பூசி ஏற்றும் பணி தொடங்கிற்று. கந்தளாயும் அதே உலர் வலய நெல்நிலத்தைச் சார்ந்ததாதலின், அவ்வரலாறு இவ்வூருக்கு அயலானதன்று.

கொள்ளைநோய் வரலாறுகள் பெரும்பாலும் இறந்தோரை எண்ணுவதோடு முடிவடைகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, மூளையழற்சி ஏற்பட்டுப் பிழைத்தோருள் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் அறிவாற்றலிலோ நடத்தையிலோ நரம்பியக்கத்திலோ நிலையான குறையுடன் வாழ்கின்றனர். கற்ற எழுத்து மறந்துபோகலாம். காரணமின்றிச் சினமும் அழுகையும் தோன்றலாம். இவற்றைச் சோம்பல் என்றோ பேய்க்குற்றம் என்றோ சுற்றத்தார் கருதுவராயின், நோயாளியின் துயர் இருமடங்காகும்.

இந்நிலைக்கு மாற்று இல்லாமலில்லை. இரண்டாம் உலகப் போரில் தலையிற் காயமுற்ற வீரரிடையே பணியாற்றிய சோவியத் உளவியலாளர் லூரியா, மூளையின் எஞ்சிய பகுதிகளைப் பயிற்றுவதன் மூலம் இழந்த செயல்களைப் புதிய வழியில் மீட்கலாம் என்று காட்டினார். பின்னாளில் அந்நெறி மூளையழற்சியால் தாக்குண்டோருக்கும் பயன்படலாயிற்று. நாட்குறிப்பு எழுதுதல், வேலைகளைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துப் பழகுதல், பேச்சுப் பயிற்சி, மனத்துயருக்கு ஆறுதலான உளவளத்துணை ஆகியன அதன் கூறுகளாம். இவற்றுக்கு வேண்டுவன விலையுயர்ந்த கருவிகள் அல்ல. பயிற்சி பெற்றோரும் பொறுமையுமே.

1986 ஏப்ரல் 20 ஆம் நாள் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடைப்பை யாவரும் கண்டனர். கட்டு மீண்டும் எழுந்தது. அதே காலத்தில் அயல் மாவட்டத்தில் நோய் பல மனங்களில் ஏற்படுத்திய உடைப்போ கண்ணுக்குப் புலப்படவில்லை. அதனைக் கண்டறிந்து சீர்செய்வதும் சமுதாயத்தின் கடனேயாகும்.