பாட்டுப் படநூல் (சிங்கப்பூர்த் தமிழ்)

பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளுக்காக எழுதப்படும் சிறு நூல் இது. கோமாளித்தனமான ஒரு பாட்டைப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியாகப் பிரித்து, பக்கம் நிறையப் படம் போட்டு அச்சிடுவார்கள். பிள்ளை தானாக எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு அல்ல. பெரியவர் ஒருவர் உரக்கப் படிக்க, பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பதற்கு. தமிழில் குழந்தைப் பாட்டுக்கு வயது அதிகம், படநூலுக்கு வயது குறைவு. சிங்கப்பூரில் இந்த இரண்டுக்கும் நடுவே வானொலி வந்து உட்கார்ந்தது. அதனால் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு முதலில் காது வழியாகவே வந்து சேர்ந்தது.

ஔவையாரின் ஆத்திசூடி அகரவரிசையையும் அறவுரையையும் ஒரே வரியில் கட்டிப் போட்டது. அந்தக் கட்டு அவிழ வெகுகாலம் ஆயிற்று. 1915-இல் பாரதியார் எழுதிய 'பாப்பா பாட்டு' கூடக் கொஞ்சுமொழியில் சொன்ன அறிவுரைதான். பிள்ளையின் குறும்பை அப்படியே பாட்டில் விடலாம் என்ற துணிவு மெல்ல மெல்ல வந்தது. இதில் யாழ்ப்பாணத்துக்குத் தனி இடம் உண்டு. அங்கே 1935-இல் 'பிள்ளைப் பாட்டு' என்ற தொகுப்பு வெளிவந்தது. கத்தரித் தோட்டத்து வெருளி என்ற காவல் பொம்மையைப் பாட்டுக்குத் தலைவனாக்கினார் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். தமிழ்நாட்டில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளைக்குப் பிறகு வந்தவர் அழ. வள்ளியப்பா (1922–1989). புதுக்கோட்டை இராயவரத்துக்காரர், வங்கி ஊழியர். அவரது முதல் தொகுப்பான 'மலரும் உள்ளம்' 1944-இல் 23 பாடல்களுடன் வந்தது. 1954-இல் அதே பெயரில் வந்த தொகுதியில் 135 பாடல்கள் இருந்தன. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்நின்றவரும் அவரே. அவர் பாடல்களில் அறிவுரை ஓய்ந்துவிடவில்லை, ஆனால் சிரிப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

படம் மட்டும் பின்தங்கியது ஏன்? இங்கிலாந்தில் எட்வர்ட் லியர் 1846-இல் வெளியிட்ட கோமாளிப் பாட்டு நூலுக்குத் தாமே படம் வரைந்தார். வங்காளத்தில் சுகுமார் ராயும் அப்படியே. அவர் குடும்பமே படக்கட்டை செய்யும் தொழிலும் அச்சகமும் நடத்தியது. அவரது 'ஆபோல் தாபோல்' 1923-இல், அவர் இறந்த சில நாட்களில் வெளிவந்தது. பாடுகிற கையும் வரைகிற கையும் ஒன்றாக இருந்ததால் வரி சொல்லாமல் விட்டதைப் படம் சொன்னது. தமிழிலோ பெரும்பாலும் கவிஞர் ஒருவர், ஓவியர் வேறொருவர். பாட்டை அச்சுக் கோத்த பிறகு மிஞ்சிய இடத்துக்குப் படம் கேட்பார்கள். யானையைப் பற்றிய பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு யானை நிற்கும். அது அந்தப் பாட்டில் வரும் யானையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சிங்கப்பூர்க் கதைக்குத் தமிழ்நாட்டுக் கடையநல்லூர்க்காரர்கள் வேண்டும். 1946-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது 1982-இல் மூடப்பட்டது. அத்தோடு தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளின் காலம் இங்கே முடிந்தது. பெயர் மட்டும் தப்பிப் பிழைத்து, இன்று ஜாலான் புசார் வட்டாரத்தில் பீட்டி ரோட்டில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையமாக நிற்கிறது.

1940-இல் அதே கடையநல்லூரில் பிறந்து 1951-இல் சிங்கப்பூர் வந்த க.து.மு. இக்பால், 1970, 80-களில் வானொலிக்காக 200-க்கும் மேற்பட்ட குழந்தைப் பாடல்களை எழுதினார். அவருக்கு 2014-இல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் 1950-களில் நடத்திய 'மாணவர் மணிமன்றம்' இளம் எழுத்தாளர்களுக்கு மேடை அமைத்துத் தந்திருந்தது. ஆனாலும் பால்மணம் மாறாத பிள்ளைகளை எட்டியது வானொலிதான். வானொலிப் பாட்டுக்குப் படம் கிடையாது. காட்சி முழுவதையும் சொல்லும் சந்தமுமே தூக்கிச் சுமக்க வேண்டும். இது நல்ல பயிற்சி. அதே சமயம், படத்துக்கு இடம் விட்டு எழுதும் பழக்கம் இதனால் வளரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாட்டின் உள்வேலையைக் கொஞ்சம் பார்க்கலாம். ஆங்கிலப் பாட்டுப் படநூல் வரியின் கடைசிச் சொல்லில் ஒலியைப் பொருத்துகிறது. 1957-இல் டாக்டர் சூஸ் எழுதிய 'த கேட் இன் த ஹேட்' நூலில் உள்ள வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே. அவற்றில் பெரும்பாலானவை ஓரசைச் சொற்கள். தமிழில் வாக்கியம் வினையில் முடிகிறது. ஓடியது, ஆடியது, பாடியது என்று இயைபு தானாக வந்து விழும். உழைக்காமல் கிடைப்பதால் அதற்கு மதிப்பில்லை. தேர்ந்தவர்கள் வரியின் தொடக்கத்தில், எதுகையில்தான் கவனம் வைப்பார்கள். விளக்கத்துக்காக இங்கேயே கட்டிய இரண்டு வரி:

டேக்கா மாடு டிக்கெட் வாங்கி
மேக்கே போற பஸ்ஸில் ஏறிச்சாம்.

டேக்கா, மேக்கே என்ற எதுகையும், டேக்கா, டிக்கெட் என்ற மோனையும் காதில் விழுகின்றன. 'வாங்கி' என்ற எச்சம் பொருள் முடியாமல் தொங்குகிறது. பக்கத்தைப் புரட்ட வேண்டிய இடம் அதுதான். அடுத்த பக்கத்தில், சன்னல் ஓர இருக்கையில் கொம்பு இடிக்க உட்கார்ந்திருக்கும் மாட்டை ஓவியர் காட்டிவிட்டால், கூட்டத்தைப் பற்றிக் கவிஞர் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். (மாடு இங்கே இட்டுக்கட்டியது அல்ல. டேக்கா இருக்கும் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய பகுதி ஒரு காலத்தில் மாட்டு வணிகத்தால் வளர்ந்தது. எருமைக் கொட்டில் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயர் இன்னும் வழங்குகிறது.) இப்போது இதை எழுத்துத் தமிழுக்கு மாற்றி, 'மேற்கே போகிற பேருந்தில் ஏறியதாம்' என்று திருத்திப் பாருங்கள். இரண்டாம் எழுத்து க்-இலிருந்து ற்-க்கு மாறி எதுகை செத்துவிடுகிறது, சந்தமும் நொண்டுகிறது. பிள்ளைக்கான நூல் பிழையற்ற எழுத்துத் தமிழில்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்குப் பலியான பாட்டுகள் கொஞ்சமல்ல.

பாட்டும் படமும் சரிசமமாக உட்கார்ந்த நூல்கள் தமிழில் பரவலானது 1990-களில்தான். சென்னையில் 1994-இல் தாரா புக்ஸும் 1996-இல் தூலிகாவும் தொடங்கப்பட்டன. தூலிகா ஒரே படநூலைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கொண்டுவந்தது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் திறந்த உரிமத்துடன் ஸ்டோரிவீவர் தளத்தை அமைத்தபோது, படங்களை யாரும் எடுத்துப் புதுப் பாட்டு எழுத வழி பிறந்தது. சிங்கப்பூரில் 2010 முதல் நடக்கும் ஆசியச் சிறுவர் இலக்கிய விழா, எழுத்தாளரையும் ஓவியரையும் ஒரே இடத்தில் சந்திக்க வைத்தது. 2015-இல் தேசிய நூலக வாரியமும் சமூகமும் சேர்ந்து முடித்த தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தில் 350-க்கும் மேற்பட்ட நூல்களை மின்வடிவாக்கியது.

தமிழ், சிங்கப்பூரின் ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்றாக இருப்பது இத்துறைக்குப் பலம். நூலகத்தில் தமிழுக்கென்று தனி அடுக்கு உறுதி. சங்கடமும் அங்கேதான். ஆங்கிலத்தில் எழுதி வரைந்து முடித்த படநூலில் பிறகு தமிழ் வரி பொருத்தினால், தமிழ்ச் சொல் நீண்டு படத்தின் மேல் வழிகிறது, எழுத்தைச் சிறிதாக்குகிறார்கள், பொருள் மட்டும் மிஞ்சுகிறது. தமிழிலேயே பாடிப் பார்த்து, அதற்குப் படம் போட்ட நூலைப் பாலர்பள்ளிப் பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்கும்போதே கூடச் சேர்ந்து சொல்வார்கள்.

வாசித்துக் காட்டும் பெரியவரையும் மறக்க முடியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழியாகத் தமிழைச் சொன்னவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. தாய் தந்தையரில் பலருக்கே எழுத்துத் தமிழை உரக்கப் படிக்கத் தயக்கம். தமிழ்ப் பாடத்திட்டத்தை 2005-இல் ஆராய்ந்த குழு பேச்சுத் தமிழையும் வகுப்பறையில் கற்பிக்கப் பரிந்துரைத்தது. தொடக்கப்பள்ளி அதை ஏற்றுக்கொண்டது. 'ஏறிச்சாம்' என்று அச்சில் போட இன்னும் கை நடுங்குகிற பதிப்பாளர்களுக்கு அதைவிடப் பெரிய அனுமதிச் சீட்டு கிடைக்கப் போவதில்லை.