அரிப்புக் கரையின் அல்லிராணி கோட்டை

சரித்திரச் சின்னங்களைக் காணப் புறப்படும் நம் இளைஞர் பெரும்பாலும் அநுராதபுரத்துக்கும் பொலநறுவைக்குமே செல்வர். ஒதுக்குப்புறமான வீதியோரங்களில் நிற்கும் சின்னங்களை நாடுவோர் மிகச் சிலரே. வார இறுதிப் பிரயாணமொன்றில் நாம் கண்ட அல்லிராணி கோட்டை அவ்வாறு மறக்கப்பட்ட ஒன்றாகும்.

மன்னாரிலிருந்து தெற்கே சிலாவத்துறைக்குச் செல்லும் வீதியில், அருவியாற்றைக் கடந்ததும் வருவது அரிப்பு. அங்கே கடலை நோக்கிய மேட்டில், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மாளிகையொன்றின் பருத்த தூண்களும் இடிந்த சுவர்களும் நிற்கின்றன. கதைகளில் வரும் அல்லியரசி ஆண்ட கோட்டை இதுவென்பது ஊரார் வழக்கு.

சரித்திரம் கூறுவது வேறு. இலங்கையின் முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த், முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாளிகையே இது. கிரேக்கச் சிற்பமுறையிலமைந்த தூண்களால் 'டொரிக்' எனப் பெயர் பெற்றது. அண்மையிலேயே, போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைப்பற்றிய சிறு கோட்டையொன்றும் உண்டு. கண்டியரசனின் சிறையில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த றொபேட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் தப்பி வந்து அடைக்கலம் புகுந்தது அங்கேதான்.

ஆனால், இக்கரைக்குப் புகழ் தந்தவர் தேசாதிபதியுமல்லர், நொக்ஸுமல்லர், முத்துக் குளித்தவர்களே. முத்துச் சலாபம் கூடும்போது யாழ்ப்பாணம், கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி முதலிய இடங்களிலிருந்தும் அராபியக் கரைகளிலிருந்தும் அவர்கள் வந்து குவிந்தனர். நள்ளிரவில் தரைக்காற்றோடு புறப்படும் வள்ளங்கள், பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பும். காலிற் கல்லைக் கட்டி இறங்குபவர் ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பி சேர்ப்பார். மேலே இருப்பவர் கயிற்றைப் பற்றியிருப்பார். சுறாக்களின் வாயைக் கட்டுபவரென நம்பப்பட்ட 'கடல்கட்டி'களுக்கு அரசாங்கமே ஊதியம் அளித்தது. அவர்களின்றிக் குளிகாரர் கடலில் இறங்கார்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொண்டுவந்த சிப்பிகளைக் குளிகாரர் மூன்று சம குவியல்களாக இடவேண்டும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று அவர்களுக்கு. 1905 இல் ஏறக்குறைய எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபா. மறு ஆண்டே முத்துப் பார்கள் ஒரு கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆனால் 1907க்குப் பின் சிப்பிகள் அருகின. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பனியும் கலைந்தது.

கரையிலிருந்து மேற்பார்த்தவனுக்கு மாளிகை இருந்தது. கடலுள் இறங்கியவனுக்கு ஒரு நடுகல்லும் இல்லை. அவன் பெயரும் ஏட்டில் இல்லை. நோர்த்தின் பெயரை ஊரார் மறந்து, தம் கதையரசியின் பெயரை அம்மாளிகைக்குச் சூட்டியதில் ஒரு நியாயம் உண்டு போலும்.

எனினும் கதை மட்டும் போதாது. கடலலை மேட்டை அரித்துக்கொண்டே வருகிறது. சுவர்கள் ஒவ்வொன்றாய்ச் சரிகின்றன. கல் போனபின் எஞ்சுவது நினைவொன்றே. ஆதலின் இளைஞர்களே, அவ்வீதியாற் செல்லுங்கால் சற்றுத் தரித்து நில்லுங்கள். அக்கரையோர ஊர்களின் முதியோரிடம் முத்துக் குளித்த தலைமுறைகளைப் பற்றிக் கேட்டெழுதுங்கள். மூத்தோரும் தாம் கேட்டறிந்ததைச் சொல்லிவைக்க வேண்டும். மாளிகையைக் காக்க நம்மால் இயலாது போகலாம். மூழ்கியெழுந்த அம்மனிதர்களின் வரலாற்றைக் காப்பது நம் கையிலேயே உளது.