மன்மத லீலையும் மூணு தீபாவளியும்

பழைய பாட்டுன்னு பேச்சு வந்தா நம்மாளுங்க பலர் அறுபதுகளோட நிறுத்திக்குவாங்க. கொஞ்சம் பின்னாடி போறவங்க டி.எம்.எஸ். ஆரம்பகாலப் பாட்டு வரைக்கும் போவாங்க. அதுக்கும் முன்னாடின்னா ஒரே ஒரு பாட்டுதான் எல்லாருக்கும் தெரியும். 'மன்மத லீலையை'. படம் ஹரிதாஸ், வருஷம் 1944. பாகவதரைப் பார்த்தே இராதவங்களும் முதல் வரியை ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவாங்க, கிண்டலுக்காவது.

அந்தக் கிண்டலுக்குப் பின்னாடி இருக்கற கதை அவ்வளவு சிரிப்பானது இல்லைங்க. அதைத்தான் இங்கே எழுதப் போறேன்.

முதல்ல படம். 1944 தீபாவளிக்கு வெளியாச்சு. இயக்கம் சுந்தர்ராவ் நட்கர்னி. நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர், தாசி ரம்பாவாக டி.ஆர். ராஜகுமாரி, சிரிப்புக்கு என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். பெத்தவங்களை மதிக்காம, ஆடம்பரத்துலயும் தாசி மோகத்துலயும் மூழ்கிக் கிடக்கறவன் எல்லாத்தையும் இழந்து, திருந்தி, கடைசியில் பெற்றோருக்குப் பணிவிடை செய்யறதே பெரிய பக்தின்னு உணர்ற கதை. பண்டரிபுரத்துப் புண்டலீகன் கதைதான் அடிப்படை.

நம்ம பாட்டு முதல் பாதியில் வருது, ஆள் இன்னும் திருந்தாத காலத்தில். காமனோட விளையாட்டை ஜெயிச்சவன் எவனாவது உண்டான்னு ஒரு கேள்வியைப் போட்டுட்டு, பதிலை நம்மகிட்டயே விட்டுடற பாட்டு. ராஜகுமாரி இந்தக் காட்சியில் காத்துல பறக்கவிட்ட முத்தத்தைப் பத்தி அந்தக்கால ஆளுங்க பேசிப் பேசி மாய்ஞ்சு போனாங்க.

எழுதினது யாருன்னு பார்த்தா இன்னும் வேடிக்கை. தமிழ்த் தியாகராஜர்னு பேர் வாங்கின பாபநாசம் சிவன்! கோயில் கோயிலா பஜனை பாடிட்டுப் போன மனுஷர். இசை ஜி. ராமநாதன். ராகம் சாருகேசி. இந்த ராகத்தோட அமைப்பைக் கொஞ்சம் சொல்லணும். மத்யமம், பஞ்சமம் வரைக்கும் சங்கராபரணம் மாதிரி தெளிவா, சந்தோஷமா ஏறும். அதுக்கு மேல தைவதமும் நிஷாதமும் தோடி பக்கம் சாஞ்சு சோகம் பூசிக்கும். கீழே கொண்டாட்டம், மேலே ஏக்கம். மோகத்துல இருக்கறவனோட மனசுக்கு இதைவிடப் பொருத்தமான ராகம் கிடைக்குமா என்ன? தியாகராஜரோட 'ஆடமோடி கலதே'யால் கச்சேரி ரசிகர்களுக்குத் தெரிஞ்சிருந்த ராகத்தைத் தெருவுக்குக் கொண்டு வந்தது இந்தப் பாட்டுதான். பின்னாடி 1958-ல் சாரங்கதாராவில் 'வசந்த முல்லை'க்கு ராமநாதனே மறுபடி சாருகேசியைத்தான் எடுத்தார். பாடினது டி.எம்.எஸ்.

சரி, கதைக்கு வருவோம்.

படம் வெளியான மூணே வாரத்துல, 1944 நவம்பர் 8 அன்னிக்கு, சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போயிட்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். 'இந்துநேசன்' பத்திரிகை நடத்தி, சினிமாக்காரங்க அந்தரங்கத்தை அச்சில் ஏத்தினவர். அந்த வருஷம் முடியறதுக்குள்ள பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைது. கோவை ஸ்டுடியோ அதிபர் ஸ்ரீராமுலு நாயுடுவும் மாட்டினார். அவர் மட்டும் விசாரணையில் விடுதலையாகிட்டார். 1945 மே மாசம், ஜூரிகளில் பெரும்பான்மை குற்றவாளின்னு சொல்ல, ஹைகோர்ட்டில் மத்த ரெண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை.

இப்போ கொஞ்சம் சென்னை வரைபடத்தை மனசுல விரிச்சுக்குங்க. ஹரிதாஸ் ஓடினது பிராட்வே தியேட்டரில். பிராட்வே சாலை கிளம்பறதே ஹைகோர்ட் பக்கத்துலதான். தண்டனை சொன்ன கோர்ட்டும், தண்டிக்கப்பட்டவர் தினம் பாடிட்டிருந்த கொட்டகையும் ஒரே வட்டாரம்! 1944, 1945, 1946 தீபாவளின்னு மூணு தீபாவளி கண்ட படம்னு பெருமையா சொல்றோமே, அதுல பின்னாடி ரெண்டு தீபாவளிக்கும் பாகவதர் ஜெயிலில் இருந்தார்.

எங்க வானகரத்துல, எங்க தெருவுல ஒரு பெரியவர் இருந்தார். இப்போ இல்லை. அவரோட அப்பா இந்தப் பக்கத்துத் தோட்டங்கள்லேர்ந்து காய்கறி மூட்டையை மாட்டுவண்டியில் ஏத்தி, ராத்திரியோட ராத்திரியா பூந்தமல்லி ரோட்டுல கொத்தவால் சாவடிக்குக் கொண்டு போவாராம். (மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்கு, அதாவது எங்க வாசலுக்கே வந்துடுச்சு. அப்போ அது ஜார்ஜ் டவுனில்.) சரக்கு வித்த காசுல, அங்கேயிருந்து நடக்கற தூரத்துல பிராட்வே தியேட்டர். எத்தனை தடவை ஹரிதாஸ் பார்த்தார்னு அவருக்கே கணக்கு கிடையாதாம். "மவராசன் உள்ள கெடக்குறாரு, நாம காசு குடுத்து அவரு பாட்டைக் கேட்டுட்டு வரோமே"ன்னு வண்டியில் திரும்பி வரும்போது புலம்புவாராம். பெரியவர் இதைச் சொல்லும்போது அப்பா மாதிரியே குரலை மாத்திக்குவார்.

எனக்கு இது முக்கியமா படறதுக்குக் காரணம் உண்டு. "கொலை கேஸில் மாட்டினதும் ஜனங்க பாகவதரைக் கைவிட்டாங்க, அதனால விழுந்தார்"னு ரொம்ப வருஷமா ஒரு கதை சொல்றாங்க. கைவிட்ட ஜனங்களா ரெண்டு வருஷத்துக்கு மேல டிக்கெட் வாங்கினாங்க? யுத்த காலத்தில் பிலிம் ரேஷன், படத்தோட நீளத்துக்கே 11,000 அடின்னு கட்டுப்பாடு, அதனால புதுப்படங்களும் குறைவு. இதெல்லாம் நீண்ட ஓட்டத்துக்கு உதவியிருக்கும், மறுக்கலை. ஆனா வெறுத்தவன் குரலைக் கேட்க யாரும் கியூவில் நிக்க மாட்டான்.

லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், வழக்கு மறுபடி சென்னைக்கே வந்து, 1947 ஏப்ரலில் ரெண்டு பேரும் விடுதலை. சுமார் ரெண்டரை வருஷம் போயிடுச்சு. வெளியே வந்தப்புறம் பாகவதருக்கு ராஜமுக்தி (1948), அமரகவி, சியாமளா (ரெண்டும் 1952), புதுவாழ்வு (1957), அவர் இறந்தப்புறம் வந்த சிவகாமி (1960). எதுவும் பழையபடி ஓடலை.

ஜெயில்தான் காரணம்னா, அதே கேஸில் அதே தண்டனை அனுபவிச்ச என்.எஸ்.கே.யும் விழுந்திருக்கணுமே? அவர் நல்லதம்பி (1949) எடுத்தார், மணமகள் (1951) இயக்கினார், ஜனங்க கொண்டாடினாங்க. ஆக, ஜெயில் மட்டும் காரணமில்லை.

உள்ளே இருந்த நேரத்துல வெளியே சினிமா மாறிடுச்சு, அதுதான் விஷயம். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கணும்னு உச்சஸ்தாயியில் வளர்ந்த குரல் பாகவதருடையது. நடிகனே பாடணும்ங்கற காலத்தில் அதுதான் ராஜகுரல். பின்னணிப் பாட்டு பரவினதும் பாடத் தெரியாதவரும் நாயகனாகலாம்னு ஆச்சு. பாகவதர் விடுதலையான அதே 1947-ல் எம்.ஜி.ஆர். 'ராஜகுமாரி'யில் நாயகன். 1949-ல் அண்ணாவோட வேலைக்காரி, 1952-ல் கலைஞர் வசனத்தில் பராசக்தி. ஜனங்க பாட்டுக்குப் பதிலா வசனத்தை மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சாங்க. ஒன்பது படத்துல உச்சிக்குப் போன மனுஷர், மீதி அஞ்சு படத்துல வேற ஒரு காலத்தோட மல்லுக்கட்டினார். 1959 நவம்பர் 1-ல் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தப்போ வயசு 49.

ஆனா பாட்டு மட்டும் போகலை. 1976-ல் பாலசந்தர் தன் படத்துக்கே 'மன்மத லீலை'ன்னு பேர் வெச்சார். 2022-ல் அதே பேரில் இன்னொரு படம் வந்தது. ஹரிதாஸோட ஓட்டக் கணக்கைத் தாண்ட 2005-ல் சந்திரமுகி வரவேண்டியிருந்தது, அதுவும் அறுபது வருஷம் கழிச்சு.

அடுத்த தடவை இந்தப் பாட்டு காதுல விழுந்தா கிண்டலை ஒரு நிமிஷம் தள்ளி வெச்சுட்டுக் கேளுங்க. பஞ்சமத்தைத் தாண்டி அவர் மேலே போகும்போது அந்தச் சோகம் எட்டிப் பார்க்கும். அதைப் பாடினப்போ அவருக்கு வயசு 34, நாடே காலடியில். கோர்ட்டு, ஜெயிலு எதுவும் அவர் கனவுலகூட வந்திருக்காது. அது வெறும் சாருகேசியோட குணம்தான், ஜோசியம் இல்லை. ஆனா கதை தெரிஞ்சப்புறம் எனக்கு அப்படிக் கேட்க முடியறதில்லை. உங்களுக்கு முடியுதான்னு சொல்லுங்க.