புத்தளக் கரையோரத்திற் குடிக்கணக்கும் மக்கள் நலமும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, மா ஓயா முகத்துவாரம் தொடக்கம் கற்பிட்டிக் குடாநாடு வரை நீண்டு கிடப்பது புத்தள மாவட்டத்தின் கரையோரமாகும். தமிழ் பேசும் முஸ்லிம்களும், உடப்பு முதலிய ஊர்களின் இந்துத் தமிழரும், சிலாபக் கரையின் கத்தோலிக்க மீனவரும், சிங்களவரும் இங்கு அடுத்தடுத்து வாழ்கின்றனர். வீட்டிலே தமிழும் வெளியிலே சிங்களமும் பேசும் குடும்பங்கள் இக்கரையில் அரியன அல்ல. காற்று மாறுங் காலத்தில் மீனவர் வேறு கரைக்குச் சென்று வாடியடித்துத் தங்குவதும் நெடுநாளைய வழக்கமாகும். இவ்வாறு மொழியும் இருப்பிடமும் ஒருநிலைப்படாத மக்களைப் பட்டியலில் அடக்க முயன்றவர் பலர். அவர்கள் எதற்காக எண்ணினர், எண்ணப்பட்டோர் அதனாற் பெற்றது யாது என்பன ஈண்டு நோக்கப்படுகின்றன.

குடும்பவாரியாக ஆட்பெயரையும் காணியையும் பதியும் தோம்பு முறையை இலங்கைக் கரைநாட்டிற் புகுத்தியவர் போர்த்துக்கேயர். அதனை விரிவாக்கியவர் ஒல்லாந்தர். கற்பிட்டியில் ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிலேயே கோட்டை அமைத்தாராயினும், கரையோரம் முழுவதும் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னரே கண்டி மன்னனிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தது. தோம்பின் நோக்கம் வரியும் ஊழியமுமே. ஆங்கிலேயர் ஆட்சியிலும் இந்நோக்கு உடனே மாறிவிடவில்லை. 1824இல் எடுக்கப்பட்டு 1827இல் அச்சான குடிக்கணக்கு மக்களைச் சாதிவாரியாகப் பிரித்துக் காட்டுகின்றது. இராசகாரிய ஊழியம் சாதியை அடியாகக் கொண்டே பெறப்பட்டது. எனவே யார் எச்சாதியினர் என்பது அரசுக்கு வேண்டப்பட்டது. யார் காய்ச்சலில் இறந்தார் என்பது வேண்டப்படவில்லை.

இக்கணக்கு அச்சேறி ஏழாண்டுகளின் பின், 1834இல், 'இலங்கைக் கசற்றியர்' என்னும் ஆங்கில நூல் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் 1807இற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. பல்கலைக்கழகத்தை விட்டுச் சில ஆண்டுகளே ஆன ஒருவரின் வயது. புத்தளத்தில் மணியகாரராகக் கடமையாற்றிய அவர் பின்னர் சட்டநிரூபண சபையிலும் அங்கம் வகித்தார். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் 'தமிழ் புளூராக்' என ஆக்கியவர் என்ற வகையிலேயே தமிழ் மாணவர் அவரைப் பெரிதும் அறிவர். ஆயினும் ஊர்களையும் அங்கு வாழ்வோரையும் அகரவரிசையில் தொகுத்த கசற்றியரே அவரது உழைப்பின் பரப்பைக் காட்டுவதாகும். சேகரிப்பவன் சேகரிக்கப்படுவோரின் மொழியை அறிந்திருத்தல் எத்துணை நன்மை என்பதற்கு அந்நூல் சான்று. எனினும் வீட்டுக்கு வீடு பிறப்பையும் நோயையும் பதியும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றவில்லை. இங்கிலாந்திற்கூட பிறப்பு இறப்புப் பதிவு நாடளாவிய முறையில் ஒழுங்குபெற்றது 1837இலேதான்.

இலங்கையிற் பிறப்பு இறப்புகளைப் பதிவதற்கான கட்டளைச் சட்டம் 1867இல் வந்தது. 1871 மார்ச் 27ஆந் திகதி நாடு முழுவதற்குமான முதலாவது முறையான குடிசன மதிப்பு நடைபெற்று, 24 இலட்சம் மக்கள் எண்ணப்பட்டனர். பின்வந்த மதிப்புகளின் இனப்பாகுபாடு எக்காலத்தும் ஒன்றாக இருக்கவில்லை. 1911இல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிவு தோன்றிற்று. பரதவரும் செட்டிகளும் தனித்தனியே காட்டப்பட்டது 2001இலேதான். அதாவது காசிச்செட்டி மறைந்து 141 ஆண்டுகளின் பின்னர். புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களோ 'ஏனையோர்' என்ற நிரலுள் அடங்கிவிடுகின்றனர். புத்தளமும் சிலாபமும் முன்னர் வெவ்வேறு மாவட்டங்களாக இருந்தமையையும் பழைய புள்ளிகளை ஒப்பிடுவோர் மறத்தலாகாது.

நோயை அறிவதற்காக வீடு தேடிச் செல்லும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பேறு. மலேரியா ஆய்வாளர் 1920களில் பள்ளிச் சிறுவரின் வயிற்றைத் தடவி, வீங்கிய மண்ணீரலை உடையோர் நூற்றுக்கு எத்தனை பேர் எனக் கணித்தனர். எழுத்தறிவோ பதிவேடோ வேண்டாத கணக்கு அது, உடலே ஏடாயிற்று. 1926இற் களுத்துறையில் உறொக்பெல்லர் தாபனத்தின் துணையோடு முதலாவது சுகாதார அலகு நிறுவப்பட்டது. ஒரு வரையறுத்த பரப்பிலுள்ள வீடுகள் அனைத்தையும் மருத்துவமாதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பொறுப்பேற்கும் அம்முறை படிப்படியாக நாடெங்கும் பரவிற்று. மருத்துவமாது வைத்திருக்கும் குடும்பப் பதிவேடு இதன் வழிவந்ததாகும். மணமான பெண், கருவுற்ற காலம், பிறந்த குழந்தை, ஏற்றிய தடுப்பூசி ஆகியன அதிற் குறிக்கப்படும். குடிசன மதிப்பின் எண்ணாளர் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்து போவார். மருத்துவமாதோ அதே படலையில் மீண்டும் மீண்டும் வந்து நிற்பவர். எழுதியவரே திரும்பி வரவேண்டியிருத்தலால் எழுதியது பிழையாயின் அவருக்கே தெரிந்துவிடும். இந்த ஒரு காரணத்தாலேயே அப்பதிவேடு ஏனைய கணக்குகளிலும் உயர்ந்தது எனலாம்.

கணக்கு தளர்ந்தால் நேர்வது யாது என்பதையும் மலேரியாவே காட்டிற்று. டீ.டீ.ரீ. தெளிப்பின் பயனாக 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். தெளிப்பும் கண்காணிப்பும் குறைந்தன. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று.

இப்பிரதேசத்தின் பதிவேடுகள் அனைத்தையும் ஒருங்கே சோதித்த நிகழ்ச்சி 1990 ஒக்டோபரில் ஏற்பட்டது. வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னாரிலிருந்து படகேறியவர் கற்பிட்டியிற் கரையிறங்கினர். வெளியேற்றப்பட்டோரில் மிகப் பெரும் பகுதியினர் புத்தளம், கற்பிட்டி, முந்தல் ஆகிய இடங்களில் கிடுகுக் கொட்டில்களிற் குடியமர்ந்தனர். இவர்கள் எத்தனை பேர்? 1991இல் நடந்திருக்க வேண்டிய குடிசன மதிப்பு போரினால் நடைபெறவில்லை. 1981இல் ஏறத்தாழ 4,92,000 ஆக இருந்த மாவட்டக் குடித்தொகை 2001இல் 7,10,000 ஐ அணுகியிருந்தது. அவ்வாண்டு மதிப்பு முழுமையாக நடந்த 18 மாவட்டங்களுள் புத்தளம் ஒன்று. மன்னார் அவற்றுள் இல்லை. ஆகவே மன்னாரின் மக்களிற் பலர், மன்னாரே முழுமையாக எண்ணப்படாத காலத்தில், புத்தளத்தில் எண்ணப்பட்டனர்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களுக்குப் பட்டியலே வாழ்வாயிற்று. உலர் உணவு நிவாரணம் குடும்ப அட்டையின்படி வழங்கப்பட்டது. 1990இல் ஒன்றாக இருந்த குடும்பம் பத்தாண்டில் மூன்றாகும். அட்டையிலுள்ள பெயர்களும் வீட்டிலுள்ள முகங்களும் ஒத்துப்போவது ஆண்டுதோறும் அரிதாகும். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு குடித்தொகையை அடியாகக் கொண்டது என்பதை மாணவர் அறிவர். ஒருவர் எந்த மாவட்டத்தில் எண்ணப்படுகின்றார் என்பது வெறும் எழுத்துவேலையன்று.

மன்னாரைச் சேர்ந்தவரும் பேராதனையிற் புவியியல் கற்பித்தவருமான எஸ். எச். ஹஸ்புல்லா 2001இல் இம்மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். மறக்கப்பட்ட மக்கள் என அவர்களைத் தலைப்பிலேயே குறித்தது அந்நூல். காசிச்செட்டியைப் போன்று இவரும் எண்ணப்பட்டோரின் உள்ளிருந்து எண்ணியவர். ஆனால் முன்னவர் அரசின் அலுவலர். பின்னவர் அரசுக்கு நினைவூட்ட எழுதியவர். 2006இல் ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் நலன்புரி நிலையங்களிற் கணக்கெடுப்பு நடத்தியபோது பெரும்பாலோர் புத்தளத்திலேயே நிலைத்து வாழ விரும்பினர். 2007இல் உலக வங்கியின் உதவியோடு வீடமைப்புத் திட்டம் தொடங்கிற்று.

எனினும் வீடு ஓரிடத்திலும் வாக்குரிமை வேறிடத்திலும் உள்ள குடும்பங்கள் பல எஞ்சின. 2019 நவம்பர் 16ஆந் திகதி, சனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்தில் வாழும் வாக்காளரை மன்னாருக்கு ஏற்றிச் சென்ற பேருந்துத் தொடர்மீது தந்திரிமலைப் பகுதியிற் கல்லெறியும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. எவரும் உயிரிழக்கவில்லை. பேருந்துகள் மன்னாரை நோக்கித் தொடர்ந்து சென்றன.