முல்லைவனத்தில் ஒரு கடுவன்

சென்ற மே மாதம் திருமுல்லைவாயிலில் எங்கள் அடுக்ககத்துக்கு ஒரு குரங்கு வந்தது. தனியாக. மூன்றாம் மாடி பால்கனியில் காயவைத்த வடகத்தைத் தின்றுவிட்டு, தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஆள்வைத்துப் பிடிக்க வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். சங்கச் செயலாளர் என்ற முறையில் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். காவலாளிக்கு மட்டும் மனசில்லை. "ஆஞ்சநேயரு சார். அது எடத்துக்கு அது வந்திருக்கு. நாமதான் நடுவுல வந்தோம்."

மறுநாள் காலை மாசிலாமணீஸ்வரர் கோயில்வரை நடந்தேன். இந்த ஊரே ஒரு காலத்தில் முல்லைவனம். குறும்பர்களோடு போரிட வந்த தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சிக்கியது, வாளால் வெட்டினான், கொடிக்கடியில் இருந்த லிங்கத்தில் ரத்தம் வழிந்தது என்பது தலபுராணம். காயம் ஆற லிங்கத்துக்குச் சந்தனக் காப்பு. சித்திரை சதயத்தன்றுதான் அது களையப்படும். குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லும் இரண்டு எருக்கந்தூண்கள் சன்னதி முன் நிற்கின்றன. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய நந்தி, இன்னும் சிவனுக்கு முதுகைக் காட்டியே அமர்ந்திருக்கிறது.

பலமுறை கேட்ட கதைதான். அன்று வேறு மாதிரி கேட்டது. காட்டில் வாழ்ந்தவர்களை வென்று, காட்டை வெட்டி, வயலும் ஊரும் ஆக்கியதன் நினைவு இது. வென்றவர்கள் சொன்ன கதைதான், ஆனால் வெட்டியது காயம் என்பதை அவர்களும் மறைக்கவில்லை.

பக்கத்திலேயே திருவேற்காடு, வெள்வேல மரக் காடு. அந்தப் பக்கம் திருவாலங்காடு, ஆலமரக் காடு. காடு பெயருக்குள் போய்விட்டது. மிச்சம் தலவிருட்சம் என்று ஒற்றை மரம். அதன் பிறகு வந்ததெல்லாம் வேகமாக வந்தது. 1955இல் ஆவடி காங்கிரஸ் மாநாடு, 1961இல் டாங்கி தொழிற்சாலை, அதே அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, கடைசியாக எங்களைப் போன்ற மென்பொருள்காரர்கள்.

குரங்குக்கும் கோயிலில் இடமுண்டு. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே குரங்கணில்முட்டம் என்று ஓர் ஊர். குரங்கு, அணில், முட்டம் என்னும் காக்கை, மூன்றும் சிவனை வழிபட்ட இடமாம். வாலி, இந்திரன், எமன் என்று அவற்றுக்குப் புராணம் பெயர் சொல்கிறது. சம்பந்தர் பாடிய தலம். அதே ஊரில் பல்லவர் குடைவரையும் இருக்கிறது.

எங்கள் மாடிக்கு வந்தது நாட்டுக்குரங்கு. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். இதில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடும். வளர்ந்த ஆண்கள்தான் கூட்டத்தைவிட்டு வெளியேறும். தொல்காப்பியத்தின் மரபியல் பெண்ணை மந்தி என்றும் ஆணைக் கடுவன் என்றும் பிரித்துச் சொல்கிறது. தனியாக வந்தது கடுவனாகத்தான் இருக்க வேண்டும். பிழைப்புக்காக ஊரைவிட்டு இங்கே வந்தவன் நானும்தான்.

கையெழுத்துப் போடவில்லை. குப்பைத் தொட்டிகளுக்கு மூடி போட வேண்டும் என்று வேறொரு சுற்றறிக்கை அனுப்பினேன். இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஒரு வாரத்தில் கடுவனைக் காணவில்லை. தானாகப் போனதா, யாராவது பிடித்துக்கொண்டு போனார்களா? காவலாளியிடம் கேட்டேன். "போறதுக்கு எங்க சார் காடு இருக்கு?" என்றார்.