தறியில் இரண்டாவது ஆள்

காலை ஏழு மணிக்குச் சென்னையில் வேன் கிளம்பும். ஆறு பேர், அதிகம் போனால் பத்து பேர். கைலாசநாதர் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில், நடுவில் கோயில் இட்லியும் காபியும். பதினொன்றரை மணிக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. பிறகு பட்டுக்கடை, வாழையிலைச் சாப்பாடு, திரும்பும் வழியெல்லாம் தூக்கம். சிறு குழுச் சுற்றுலா என்று இதற்குப் பெயர். பெரிய பஸ்ஸில் ஐம்பது பேராக இறங்கி, கொடி பிடித்தவர் பின்னால் ஓடுவது நாகரிகமில்லை என்று நினைப்பவர்களுக்கானது. கைவினைஞரின் வீட்டுக்குள் போகலாம், அவர் சாப்பிடுவதைச் சாப்பிடலாம், அவரோடு பேசலாம் என்பதுதான் விற்கப்படும் சரக்கு.

உலகம் முழுக்க இதற்கு ஒரே வடிவம்தான். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் தெயோதித்லான் தெல் வாயே என்றொரு ஊர். சபோதெக் இனத்து நெசவாளர்கள் கம்பளி விரிப்பு நெய்கிறார்கள். சப்பாத்திக்கள்ளியில் வளரும் ஒரு பூச்சியை உலர்த்தி உள்ளங்கையில் வைத்து நசுக்கிக் காட்டுவார்கள், ரத்தச் சிவப்பில் சாயம் வரும். அங்கேயும் சின்ன வேன், பத்து பேர், ஒரு வீட்டு முற்றம். அப்புறம் சாக்லேட், மோலே குழம்பு, கொஞ்சம் மெஸ்கால் சாராயம். பெயர்களை மாற்றினால் காஞ்சிபுரத்து நாள்தான்.

இதைக் கிண்டல் பண்ண எனக்கு விருப்பமில்லை. காஞ்சிபுரம் என்றைக்குமே வெளியாட்கள் வந்து பார்க்கும் ஊர். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்து பார்த்து எழுதி வைத்தார். ஏகாம்பரநாதரையும் அத்திகிரி வரதரையும் சேவிக்க வந்த கூட்டத்தை நம்பித்தான் சத்திரமும் சந்தையும் நடந்தன. பார்க்க வருவதில் தப்பில்லை. வந்தவர்களுக்கு இந்த ஊரின் எந்தச் சரித்திரம் சொல்லப்படுகிறது, எது வேனில் ஏறாமல் நின்றுவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

சொல்லப்படுகிற சரித்திரம் பெரும்பாலும் இரண்டு வாக்கியம். மார்க்கண்டேயர் தேவர்களுக்கு ஆடை நெய்தவர், அவர் வழி வந்தவர்கள் இந்த நெசவாளர்கள் என்பது முதலாவது. நம்பிக்கை, அதோடு நமக்குச் சண்டையில்லை. இரண்டாவது, 400 ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணதேவராயர் ஆந்திராவிலிருந்து நெசவாளர்களைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார் என்பது. கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. அதாவது 500 ஆண்டுகள். இணையத்திலும் கடைப் பலகையிலும் 400 என்றே கிடக்கிறது, யாரும் கழித்துப் பார்ப்பதில்லை. விஜயநகர காலத்தில் தெலுங்கு பேசும் நெசவாளர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தது உண்மை. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே தறி இருந்தது.

சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு. கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலைப் பற்றியது, இன்றைய உலகளந்த பெருமாள் கோயில். அந்தக் கோயிலின் வரவு செலவைப் பார்க்கும் பொறுப்பு நகரத்தின் நான்கு நெசவாளர் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களிடம் கொடுக்கப்படுகிறது. கோயில் சொத்துக்குப் பொறுப்பாக நெசவாளர்! பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்தால் இன்னொரு காட்சி. வேறு ஊர்க் கைக்கோளர்கள் தண்டிகையில் போகவும் சங்கு ஊதவும் உரிமை கேட்டுப் பெறுகிறார்கள். அதற்கு அளவுகோலாகக் கல்வெட்டு குறிப்பிடுவது காஞ்சிபுரம், விரிஞ்சிபுரம் கைக்கோளர்களுக்கு ஏற்கெனவே இருந்த உரிமையை.

இதை நான் ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. வேனில் வருகிறவர் பார்ப்பது குனிந்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஏழைக் கலைஞரை. "எவ்வளவு பொறுமை, எவ்வளவு எளிமை!" என்று சொல்கிறார். அந்த எளிமை தொன்றுதொட்டு வந்ததுபோல் தெரிகிறது. அப்படியில்லை. கணக்குப் பார்த்தவர், சங்கு ஊதிப் போனவர், பிறகொரு காலத்தில் முதலாளியிடம் பாவும் சரிகையும் வாங்கிக் கூலிக்கு நெய்பவர் ஆனார். இடையில் நடந்தது ஒரு சரிவு. அதைச் சொல்லாமல் விட்டால் வறுமையே பாரம்பரியம் மாதிரி ஆகிவிடும்.

இட்லியின் கதை இவ்வளவு கனமில்லை, அதனாலேயே எல்லோருக்கும் பிடிக்கிறது. வரதராஜப் பெருமாளுக்குக் காலையில் நைவேத்தியமாகும் இட்லி அது. அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். நீளமாக, தூண் மாதிரி வரும். துண்டு போட்டுத் தருவார்கள். வாயில் போட்டால் முதலில் இலையின் வாசம், அப்புறம் சுக்கு, கடைசியில்தான் மிளகின் காரம்.

இதில் மிளகாய் இல்லை என்பதைக் கவனியுங்கள். மிளகாய் மெக்சிகோவில் பயிராகி, போர்ச்சுகீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது. மிளகைப் போலக் காரமுள்ள காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தோம். வீட்டு அடுப்பையெல்லாம் அது பிடித்துக்கொண்டது. பழைய பக்குவத்தை விடாத மடப்பள்ளி மட்டும் அதை உள்ளே விடவில்லை. வஹாக்கா முற்றத்தில் மோலே சாப்பிடுகிறவரும் காஞ்சியில் குடலை இட்லி சாப்பிடுகிறவரும் ஒரே கடல் வழியின் இரண்டு பக்கத்தில் நிற்கிறார்கள். ஒரு துண்டு இட்லியை வைத்தே ஐந்நூறு வருட வணிகத்தைச் சொல்லிவிடலாம். நல்ல வழிகாட்டி கிடைத்தால் சொல்வார்.

தறிக்கு வருவோம். காஞ்சிபுரம் பட்டின் பெயரைக் காப்பாற்றுவது கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று இருக்கும் புடவையில், உடலின் ஊடை கரைக்குள் போகாது. கரையின் ஊடை உடலுக்குள் வராது. இரண்டும் ஒரு கோட்டில் கைகோத்துக்கொள்ளும், அதனால்தான் கோர்வை. அந்தக் கோடு கோபுரம் கோபுரமாக எழும்பினால் ரேக்கு. இதை நெய்ய மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒருவருக்கு இரண்டு கைதானே? நெசவாளர் உடல் நாடாவையும் ஒரு பக்கத்துக் கரை நாடாவையும் பார்த்துக்கொள்வார். மறுபக்கத்துக் கரைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் அந்த ஆள் நாடாவைப் போட்டு, இழையைக் கோத்து, திருப்பித் தர வேண்டும். ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை கடினமில்லை, விரல் சின்னதாக இருந்தால் நல்லது, கூலி கம்மி. அப்படியானால் யாரை உட்கார வைப்பார்கள்?

இரண்டு வருடம் முன்பு இப்படியொரு குழுவோடு நானும் போனேன். மொத்தம் எட்டு பேர், தமிழ் தெரிந்தவன் வழிகாட்டியைத் தவிர நான் மட்டும். குழித்தறியில் இருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாம்பழ நிறத்தில் ஒரு புடவை, அதே நிறத்தில் கரை.

"அண்ணே, இது கோர்வையா?"

"இல்ல தம்பி. கோர்வை போட்டு ஆறு வருஷம் ஆச்சு. பக்கத்துல குந்த ஆளு வேணும் இல்ல?"

"முன்னாடி யாரு குந்துவாங்க?"

"முன்னாடி நானே குந்தியிருக்கேன், எங்கப்பா கூட. ஏழு, எட்டு வயசு. எதிர்வூட்டுப் பசங்க வேற ஆளு தறிக்குப் போவாங்க. வூட்டுல அட்வான்ஸ் வாங்கியிருப்பாங்க, அத அடைக்கணும்."

மற்றவர்கள் என்ன பேச்சு என்று கேட்டார்கள். வழிகாட்டி ஆங்கிலத்தில் சொன்னார்: இவர் சிறுவயதிலேயே தந்தையின் அருகில் அமர்ந்து இந்தக் கலையைக் கற்றவர். ஒரு அம்மாவுக்குக் கண் கலங்கியது. வழிகாட்டி சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகளும் அட்வான்ஸும் மட்டும் மொழிபெயர்ப்பில் விழுந்துவிட்டன.

1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நெசவில் ஈடுபடுத்தக்கூடாது என்றது. கூடவே ஒரு விலக்கும் வைத்தது: வீட்டார் தம் குடும்பத்தின் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு இது பொருந்தாது. காஞ்சிபுரத்தில் தறி இருப்பது எங்கே? வீட்டில். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை சொந்தப் பிள்ளையா, கடனுக்கு வந்த பிள்ளையா என்று எந்த அதிகாரி கண்டுபிடிப்பார்? 2016இல் சட்டம் திருத்தப்பட்டு எல்லாத் தொழிலுக்கும் தடை வந்தது. ஆனாலும் பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்ற வாசல் திறந்தேதான் இருக்கிறது. சுற்றுலாக்காரர் காசு கொடுத்து ரசிக்கும் அதே வீட்டுத் தறி, அந்த வீட்டு நெருக்கம்தான் அந்தப் பிள்ளைகளை இத்தனை காலம் மறைத்து வைத்தது. எனக்கு இந்த விஷயத்தில் உறுத்துவது இதுதான்.

2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் உண்டு. பெற்றோர் வாங்கும் முன்பணம், அதற்கு ஈடாகப் பிள்ளையின் உழைப்பு, தீராத கடன். பிள்ளையார்பாளையத்துக்காரர் ஒரே வரியில் எனக்குச் சொன்னதைத்தான் அந்த அறிக்கை விரிவாகச் சொன்னது.

வெளியே தெரியாத இன்னொரு விஷயம், இந்தக் கதையைச் சொல்லியே சுற்றுலா நடத்தியவர்களும் இதே ஊரில் இருந்தார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் 'ரைடு' என்ற தொண்டு நிறுவனம். பிள்ளைகளைத் தறியிலிருந்து எடுத்துப் பள்ளிக்கு அனுப்புவது அவர்களுடைய முக்கிய வேலை. 1997இல் 40,000க்கு மேல் இருந்த குழந்தை நெசவாளர்கள் 2007இல் 4,000க்கும் கீழே வந்துவிட்டார்கள் என்பது அவர்களே சொன்ன மதிப்பீடு. அரசு, பள்ளிகள், பெற்றோர் என்று பலருடைய கை அதில் இருந்திருக்கும். அதே நிறுவனம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு அரை நாள், முழு நாள் பயணம் ஏற்பாடு செய்தது: பட்டு நெசவு, கோயில், சந்தை, சமையல். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற சுற்றுலா மாதிரியேதான், மதியச் சாப்பாடு உட்பட. நடத்துகிறவர்களுக்கு மட்டும் அந்த இரண்டாவது ஆள் யார் என்று தெரியும். சிறு குழுச் சுற்றுலா என்றாலே ஏமாற்று என்று நான் நினைக்காததற்கு இது ஒரு காரணம்.

இப்போது காஞ்சிபுரம் போய் வருகிறவர்கள் எழுதும் குறிப்புகளில் ஒரு புலம்பல் கேட்கிறது: கோர்வை அழிகிறது, இளைஞர்கள் தறிக்கு வருவதில்லை, ஒரு மாபெரும் கலை நம் கண்முன்னே சாகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாகக் கம்பெனிகள். மாதச் சம்பளம், பி.எஃப்., கம்பெனி பஸ். தறியில் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு கோர்வைப் புடவைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். பாவு சிக்கினால், மழையில் குழிக்குள் ஈரம் ஏறினால், அந்த நாளுக்குக் காசில்லை. நாங்கள் எட்டு பேர் நின்று போட்டோ எடுத்த அரை மணி நேரத்துக்கும் காசில்லை. கடைசியில் ஒருவர் கையில் வைத்துவிட்டு வந்த நோட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கோர்வை குறைந்துபோனது எனக்கும் வருத்தம்தான். என் அம்மாவின் கல்யாணப் புடவை கோர்வை. அரக்குக் கரையில் ரேக்கு ஏறி நிற்பதைத் தொட்டுப் பார்த்தால் இரண்டு நிறமும் சேரும் இடத்தில் லேசாக ஒரு மேடு தட்டும். இன்னொரு ஆளின் விரல் போய் வந்த இடம் அது. ஆனால் அந்த விரல் எத்தனை வயதுடையது என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை. கோர்வை குறைந்ததற்குக் காரணம் பல. அவற்றில் ஒன்று, ஏழு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது. அந்தக் காரணத்துக்காக யாரும் அழ வேண்டியதில்லை.

இன்றும் கோர்வை நெய்யும் வீடுகள் இருக்கின்றன. அங்கே பக்கத்தில் உட்காருவது பெரும்பாலும் மனைவி. அவருக்குத் தனிக் கூலி கிடையாது, புடவைக் கூலியில் அவரும் அடக்கம். தார் சுற்றுவது, இழை பிணைப்பது, சமைப்பது எல்லாம் போக இதுவும். இரண்டாவது ஆளுக்கும் ஒழுங்கான கூலி என்று வைத்தால் புடவை விலை எவ்வளவு ஏறும், வாங்க ஆள் இருப்பார்களா? கோர்வை பிழைக்குமா என்பது இந்தக் கணக்கைப் பொறுத்தது.

நீங்கள் அப்படியொரு வேனில் போனால், தறிக்காரரிடம் எத்தனை தலைமுறையாக நெய்கிறீர்கள் என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்பதுதான். கூடவே இதையும் கேளுங்கள்: இந்தப் புடவைக்கு எத்தனை நாள் ஆகும், கூலி எவ்வளவு, பக்கத்தில் யார் உட்காருவார்கள். தமிழ் தெரிந்தவர்கள் என்றால் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்க வேண்டாம். பதில் சொல்ல அவர்கள் தயங்குவதில்லை. எனக்கு அவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து, கால் மணி நேரம் சொன்னார்.