பைகாரா முதல் ஆரல்வாய்மொழி வரை: கோவை ஆலைகள் நாடிய மின்சாரம்

தமிழகத்தில் மாசற்ற மின்சாரம் அண்மைக்காலத்துப் புதுமை என்று கருதுவோர், நெய்வேலி அனல்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கிய 1962-க்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நீலகிரி நீரின் பலத்தால் கோயம்புத்தூர் ஆலைகளில் கதிர்கள் சுழலத் தொடங்கிவிட்டன என்பதை மறந்தவர்களாவர். 1888-இல் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் முதலானோர் அங்கே நூற்பாலை நிறுவிய காலத்தில் நீராவி எந்திரமே கதி. அதற்கு வேண்டிய நிலக்கரியோ வெகு தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. 1927-இல் சென்னை அரசாங்கம் தனியே ஒரு மின்சார இலாகாவை ஏற்படுத்தி, பைகாரா ஆற்று நீரை மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து இரும்புக் குழாய்களின் வழியே சிங்காராவுக்கு இறக்கி, 1932-இல் மின்சாரம் உண்டாக்கியபோது ஆலைகள் பெருகின. கிணற்றடியில் மாடு பூட்டிக் கவலை இறைத்த குடியானவரும் நாளடைவில் மோட்டாரை நாடினர். மேட்டூரும் பாபநாசமும் தொடர்ந்தன.

ஆயினும் தேவை நீரை விஞ்சியது. மழை பொய்த்த ஆண்டுகளில் மின்வெட்டு நேர்ந்தமையால், நெய்வேலி, எண்ணூர், தூத்துக்குடி, மேட்டூர் என்று அனல்மின் நிலையங்கள் வரிசையாக எழுந்தன. இதே காலத்தில் சிக்கனமும் நழுவிற்று. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாக்கப்பட்டதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மீட்டரே இல்லாத பம்புசெட்டுக்குத் திறன் மிக்க மோட்டார் வாங்க எவருக்கு மனம் வரும்?

காற்றின் கதை 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறிய அளவில் ஆரம்பமாயிற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் நெருக்குண்டு வேகம் பெற்று வெளிப்படும் இயல்பினால், ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும் காற்றாலைக் காடாயின. முதலீட்டாளரில் முக்கியமானவர்கள் நூற்பாலை அதிபர்களே என்பது கவனிக்கத்தக்கது. முதலாண்டிலேயே முழுத் தேய்மானத்தையும் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்ற வருமானவரிச் சலுகை, 1990-களில் காற்றைவிட வேகமாக அவர்களை உந்தியது. வரியை மிச்சப்படுத்தவே நட்ட எந்திரம் எத்தனை யூனிட் தருகிறது என்பதில் சிலருக்கு அக்கறை குறைந்ததும் இயல்பே.

மற்றொரு வசதி மின்வாரியத்தின் வழங்கலில் இருந்தது. ஆடிக் காற்றில் முப்பந்தலில் விளைந்த யூனிட்டுகளை வாரியத்தின் கம்பியில் செலுத்திவிட்டு, பின்னொரு மாதத்தில் கோவை ஆலையில் எடுத்துக்கொள்ள முடிந்தது; இதனைத் தொழில் வட்டாரத்தில் ‘பேங்கிங்’ என்பர். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது சேமிப்பாகவே தோன்றும். உண்மையில் சேமிக்கப்பட்டது பேரேட்டில் எழுதிய எண்ணே அன்றி மின்சாரம் அன்று. காற்று ஓய்ந்த மாதங்களில் அந்த எண்ணுக்கு ஈடான மின்சாரத்தைப் பெரும்பாலும் நிலக்கரியே ஈட்டித் தந்தது.

மெய்யான சேமிப்பைக் காண ஆனைமலையின் கடம்பாறைக்குச் செல்லவேண்டும். 1980-களின் பிற்பகுதியில், மலையைக் குடைந்த நிலவறையில் அமைந்த, தலா நூறு மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்கள், தேவை மிகுந்த வேளையில் நீரை இறக்கி மின்சாரம் தருகின்றன. தேவை குறைந்த வேளையில் அவையே எதிர்த்திசையில் சுழன்று, மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்து நீரை மேலேற்றுகின்றன. ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை எனினும், நள்ளிரவுக் காற்றை மாலைத் தேவைக்கு மாற்றித்தர இது ஒரு வழி. குந்தாவிலும் 500 மெகாவாட்டில் இத்தகையதொரு நிலையம் திட்டமிடப்பட்டது. ஆனால் இவை சில மணி நேரத்து இடைவெளியை நிரப்புவனவே; ஆடியின் காற்றைத் தை மாதத்துக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு இன்னும் பெரிதும் அனல்மின் நிலையங்களின் தலையிலேயே நிற்கிறது.